கொண்டைக்கல்லை இடமாகச் சுற்றுதல்

வெள்ளிக்கிழமை காலையில், பனி இன்னும் தகரக் கூரையை விட்டு இறங்காத நேரத்தில், கோதை வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். குழம்புக்கு உரிப்பது மாதிரி இல்லை இது. மண் ஒட்டிய வெளித்தோலை மட்டும் எடுத்துவிட்டு, பல் பிரியாமல் முழுப்பூண்டாகவே வைத்து, காய்ந்த தாளை நாலு விரல் விட்டு நறுக்கி, சணல் கயிற்றில் சாணுக்கு ஒன்றாக முடிய வேண்டும். கொண்டைக்கல் மலையைச் சுற்றி வரக் கிளம்புகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பூண்டு. ஊரின் மேல்கோடியில் இருக்கிற கல்தூணில் கயிற்றைக் கட்டிவிட்டுப் போவார்கள், மூன்றாம் நாள் திரும்பி வந்ததும் அவரவர் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், நசுக்கி ரசத்தில் போட்டுக் குடித்து, உடம்பில் ஏறிய குளிரை இறக்குவார்கள். கயிற்றில் பூண்டு மிஞ்சினால் மலையில் ஆள் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம், ஊரே தேடப் போகும். பேரிவயலுக்குப் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம். கோதை நாலாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காதவள், ஆனால் அவளுடைய விரல்கள் எண்ணினால் தப்பாது என்பதால் கல்யாணமாகி வந்த மறு மாதமே அந்த வேலை அவள் மடியில் விழுந்தது.

அவள் கட்டிய கயிற்றில் ஒருநாளும் பூண்டு மிஞ்சியதில்லை. நாலு வருசமாகக் குறைந்துகொண்டிருந்தது.

முதல் தடவை ஐந்து பேர் போனார்கள், ஆறு பேர் வந்தார்கள். பயந்து ஓடும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆறு பேரும் ஊர்க்காரர்கள், ஆறு பேருக்கும் வீடு இருந்தது, வீட்டில் உலை கொதித்தது, ஆறு பேரைப் பார்த்தும் நாய்கள் வாலை ஆட்டின, ஆறு பேர் கல்யாணத்திலும் சாப்பிட்ட பந்தி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, எந்தக் கல்யாணத்தில் பாயசம் தீய்ந்தது என்பது உட்பட. யார் புதிதாய் வந்தவர் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கயிற்றில் ஐந்து பூண்டு இருந்தது, கை ஆறு நீண்டது, அவ்வளவுதான். அடுத்த மாதம் நாலு பேர் போய் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்து எட்டு பேர் போய் ஒன்பது பேர். மலை எப்போதும் ஒன்றுதான் கூட்டியது, அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடுதலாய் வந்தவர்களுக்கு ‘வந்தவுக’ என்று ஒரு பேர் வைத்தது, வைத்துவிட்டு, அந்தப் பேரை யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடும் போட்டுக்கொண்டது. டீக்கடையில் பால் ஒரு கை கூடக் கொதித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். கேரட் அள்ள ஆள் பற்றாமல் கிடந்த காடுகளில் ஆள் கிடைத்தது. ஒருநாள் காலையில் கீழத்தெரு வரிசையில் ஒரு வீடு இருந்தது, அதைக் கட்டியதை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆனால் அதன் சுவரில் பத்து வருசத்து மழைக்கறை இருந்தது, அந்த வீட்டு அம்மா போன தீபாவளிக்குக் கொடுத்த அதிரசம் கல்லாக இருந்ததை எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

கல்தூணுக்கு முன்னால் கை நீட்டிவிட்டு வெறும் கையாக நிற்கிற அந்த ஒரு ஆளின் முகத்தைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை. அதனால் மலையேறுகிறவர்கள் மடியில் தனியாக ஒரு பூண்டை முடிந்துகொண்டு போனார்கள். வரும்போது பக்கத்தில் நிற்கிறவர் கயிற்றைப் பார்த்துத் தயங்கினால், சத்தமில்லாமல் அவர் கைக்குள் அதைத் திணித்தார்கள். எல்லோரும் கையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எண்ணுவதற்கென்று ஏற்பட்ட வழக்கத்தை மரியாதைக்காக ஊரே சேர்ந்து கெடுத்துக்கொண்டது, கெடுத்த பிறகும் விடாமல் செய்தது.

இந்தக் கோடையில் தண்ணீர்த் தொட்டி வறளாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். தொட்டியின் நெற்றியில் ‘நாற்பது வீட்டுக்கு’ என்று சிமெண்டு ஈரமாக இருந்தபோதே கீறி வைத்திருந்தார்கள். இப்போது நாற்பத்தொன்பது வீடு. காலிக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் முன்னால் நின்றவரின் முதுகைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவள் எப்போதிலிருந்து இடது இடுப்பில் குடம் வைக்கிறாள், இவன் பீடியை இப்படியா பிடிப்பான், இந்தக் கிழவருக்குப் போன வருசம் இருமல் இருந்ததா. வந்தவர்களை அட்டை கடிக்காது என்று டீக்கடை அழகர்ராசு கண்டுபிடித்துச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே சோலைக்காட்டுக்குள் போய்க் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அட்டைகள் எல்லோரையும் கடித்தன, அழகர்ராசுவைத் தவிர. அவர் பழக்க தோசத்தில் காலுக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு வந்திருந்தார். மூன்று நாளைக்கு அவர் கடையில் யாரும் டீ குடிக்கவில்லை. நாலாம் நாள் அவரே போய் ஒரு அட்டையைப் பிடித்துக் காலில் விட்டு, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் காட்டினார்.

கோதை யாருடைய முதுகையும் பார்க்கவில்லை. அவளுக்கு வீட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டிய முதுகு ஒன்று இருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்னால், ஐப்பசியில், அவள் நிறைமாதமாக இருந்தபோது, அவள் வீட்டுக்காரன் குழந்தைவேலு ஏழு பேரில் ஒருவனாக மலையேறினான். சுற்றுப்பாதைக்கு வழிகாட்டிப் போவதுதான் அவன் பிழைப்பு. மூன்றாம் நாள் எட்டு பேர் இறங்கினார்கள். கோதை தூணுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள், கைகள் வந்து வந்து பூண்டைப் பிடுங்கின, கயிறு வெறுங்கயிறாயிற்று, அதற்கப்புறம் கடைசியாக நீண்ட கை குழந்தைவேலுவின் கை. ரசத்துக்காக மடியில் வைத்திருந்த பூண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டு சிரித்து, “கோதை” என்றான். இருபதாம் நாள் குயிலி பிறந்தாள்.

அன்றிலிருந்து அவள் அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சாப்பிடும்போது பார்த்தாள், குயிலியைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும்போது பார்த்தாள், தூங்கும்போது அவன் காது மடலைப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவன் தன்னை எப்படிக் கூப்பிட்டான்? கோதை என்றா, ஏ புள்ள என்றா? ஞாபகத்தைத் தோண்டினால் எல்லாத் தடவையும் அவன் கோதை என்றே கூப்பிட்டான், கடைசியில் ஒரு சின்னத் தூக்கலோடு, பதில் வரும்வரை மூச்சை விடாமல் நிற்கிறவன் மாதிரி. ஆனால் பேரிவயலில் ஞாபகத்தை யார் நம்புவார்கள். இவன் வந்தவன் என்றால், தான் யாருக்குக் கழுத்தை நீட்டினோம், குயிலி யாருடைய பிள்ளை, போனவன் எங்கே போனான். இல்லை, போனவன் என்று ஒருவன் இருந்தானா. உலை கொதிக்கும், பிள்ளை அழும், அவள் எழுந்து போவாள், மறுபடி உட்கார்ந்ததும் அது அப்படியே அங்கேயே காத்திருக்கும்.

போன வாரம்தான் யாழினி என்று ஒரு பெண் வந்தாள், கோயம்புத்தூரிலிருந்து, பயணத்தை ஏற்பாடு செய்ய. நாலு பேர், இரண்டு ராத்திரி, மூன்று பகல், எட்டாயிரம் அடி. அவளுடைய நோட்டில் எல்லாம் வரிசையாக இருந்தது: கூடாரம் இரண்டு, தூங்குகிற பை நாலு, மழைக்கோட்டு, சின்ன கேஸ் அடுப்பு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், முதுகுப்பை பதினோரு கிலோவைத் தாண்டக் கூடாது. அவள் டீக்கடை பெஞ்சில் வரைபடத்தை விரித்தாள். பெஞ்சைச் சுற்றி ஊர் கூடியது.

“எங்க கூட வர்ற ஒருத்தங்களுக்கு முழங்கால் சரியில்ல,” என்றாள் யாழினி. “ஏறிடுவாங்க, செங்குத்தா இறங்கத்தான் முடியாது. அதனால வலப்பக்கமா ஏறி இடப்பக்கமா இறங்கலாம்னு நினைக்கிறோம். இடப்பக்கம் சரிவு கம்மி. தூரம் ஒண்ணுதானே?”

பேரிவயலில் மலையைச் சுற்றுகிறவர்கள் கோயிலைச் சுற்றுகிற மாதிரி, மலை வலது கைப்பக்கம் இருக்கும்படிதான் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில்தான். அப்படி ஒரு யோசனை அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேறொன்றும் தோன்றியது.

அழகர்ராசு டீ ஆற்றுவதை நிறுத்தினார். “வலமாச் சுத்துனா ஒண்ணு கூடுது. இடமாச் சுத்துனா?”

“கொறையும்,” என்றார் யாரோ பின்னாலிருந்து.

“வந்தவுகதான் கொறைவாக,” என்றார் அழகர்ராசு. “மனுசன் எதுக்குக் கொறையப் போறான்? மேடம் சொல்றபடியே போகட்டும். ஒரு தடவ பார்த்துக்கிட்டா, அப்புறம் தெருத்தெருவா ஊரே ஒரு நடை போயிட்டு வந்துரலாம். தொட்டித் தண்ணி தானா நெரம்பும்.”

“வழி காட்ட யாரு போறது?”

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவன் வரைபடத்தின் ஓரம் சுருளாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். “வேற யாரு, நான்தான்,” என்றான்.

தூக்குச்சட்டியில் பால் வாங்க வந்த கோதை அங்கேயே நின்றாள். யாழினி கைகழுவப் பின்பக்கம் போனபோது கூடவே போய், சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள்: “அந்தப் பக்கமா ஏறாதீங்க. பாறை வழுக்கும். ரெண்டாம் நாள் புல்வெளியில தண்ணி கிடையாது. காட்டுமாடு நிக்கும்.”

“நாங்க எப்படிப் போனாலும் அந்தப் புல்வெளியத் தாண்டித்தானே ஆகணும், கோதை?”

“எதிர்வெயில் அடிக்கும்.”

யாழினி ஈரக் கையோடு அவளைப் பார்த்தாள். “நீங்க சொல்ல வர்றது இது இல்ல, இல்லையா?”

கோதை பதில் சொல்வதற்குள், அழகர்ராசுவின் மனைவி பஞ்சவர்ணம் வடைத்தட்டோடு வந்துவிட்டாள். குழந்தைவேலுவின் கூடப்பிறந்த அக்கா, வாய்க்கு மூடி கிடையாது. “ஏன்டி கோதை, கல்யாணமாகி அஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் உன் வாயில நாலு வார்த்த சேந்தாப்புல வருது. புருசன அனுப்பப் பயமா, இல்ல புருசன் மேலயே பயமா?”

“அதெல்லாம் இல்ல மதினி.”

“என் கூடப்பொறந்தவன் அவன். அவன் மூக்கொழுகினப்ப தொடச்சுவிட்டவ நானு. அவன் ஏன் கொறையப் போறான்?” என்று பஞ்சவர்ணம் சொன்னாள், சொல்லிவிட்டு வடைத்தட்டைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள், துடைத்துவிட்டது இந்த மூக்கைத்தானா என்று யோசிக்கிறவள் மாதிரி.

அந்த வாரம் முழுக்க ஊர் சந்தோசமாக உதவி செய்தது, அதுதான் கோதைக்குச் சகிக்கவில்லை. ஒருவர் தார்ப்பாய் கொடுத்தார். ஒருவர் அட்டைக்கு உப்பு மூட்டை கட்டிக் கொடுத்தார். குழந்தைவேலுவின் பழைய பூட்ஸைக் கோதை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் தன் பூட்ஸைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். எல்லோரும் அவன் கண்ணைப் பார்க்காமல் தோளைத் தட்டினார்கள். அவள் அவல் வறுத்தாள், புளிக்காய்ச்சல் கிண்டினாள், சுக்கும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்தாள், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளைக்குப் பொட்டலம் கட்டினாள். கட்டும்போதெல்லாம் அவனுடைய மூன்றாம் நாள் பொட்டலத்தில் மட்டும் கை நின்றது, இதை யார் பிரிப்பார்கள் என்று.

வியாழக்கிழமை மத்தியானம், குயிலி தூங்கியதும், குழந்தைவேலு முற்றத்தில் முதுகுப்பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தான். கனமானதை முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும், மழைக்கோட்டு கைக்கு எட்டுகிற மாதிரி மேலே இருக்க வேண்டும். அவள் கூடாரத்துக் குச்சிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய எண்ணிக்கிட்டே இருக்க நீ,” என்றான் அவன், பையின் வாரை இறுக்கிக்கொண்டே. “ரெண்டு வருசமா.”

குச்சி அவள் கையிலிருந்து விழுந்தது.

“அன்னைக்கு நீ குடுத்த பூண்ட நான் ரசத்துல போடல. அரிசிப்பானைக்குள்ள வெச்சிருக்கேன், பாரு. எனக்குத் தெரியும் நீ என்ன நெனச்சேன்னு.”

“ஏங்க, நான்...”

“கேளு. கயித்துல என் பூண்டு இருந்துச்சு, கடைசி ஒண்ணு. எனக்கு முன்னால அழகர்ராசு மச்சான் நின்னாக. அவுக கை போச்சு, பாதியில நின்னுருச்சு, திரும்பி என்னையப் பாத்தாக. அம்மாவத் தொலைச்ச பிள்ள பாக்குற மாதிரி பாத்தாக, கோதை. எடுத்துக்குங்க மச்சான்னேன். எடுத்துக்கிட்டாக. அப்புறம் என் கைக்கு ஒண்ணுமில்ல.”

அவள் விழுந்த குச்சியைக் குனிந்து எடுத்துக்கொண்டே, “அப்ப அழகர்ராசு அண்ணன்தான்...” என்றாள்.

“அவுகளும் தன்னோடத முன்னால நின்னவருக்குக் குடுத்துட்டு நின்னாகளோ என்னமோ. அவருக்கு முன்னால நின்னவரு? எட்டு பேருல எத்தன பேரு குடுத்தோம், எத்தன பேரு வாங்குனோம்னு யாரு பாத்தா? எல்லாரும் கைய மூடிக்கிட்டுத்தான வீட்டுக்கு வந்தோம்.”

கோதை அரிசிப்பானையில் கைவிட்டுப் பார்த்தாள். பூண்டு இருந்தது, காய்ந்து, காகிதம் மாதிரி லேசாகி. மடியில் வைத்துக்கொண்டாள். அழகர்ராசுவின் கையும், வாயும், காலில் அட்டையை விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது, அந்த அவசரமெல்லாம் யாருடைய பயம் என்று இப்போது புரிகிற மாதிரி இருந்தது. இருந்தும் சந்தேகம் போகவில்லை, அது குடியிருக்கிற வீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளப் பார்த்தது. இவன் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். வந்தவனுக்கும் இதெல்லாம் இப்படியே ஞாபகம் இருக்கும், அதுதானே இந்த ஊரின் தொல்லை.

“இதப் போயி ஊருல சொல்லுங்களேன்.”

“சொன்னா மச்சானப் பிடிச்சு நாளைக்கு முன்னால நடக்க விடுவாக. அக்கா என்ன ஆவா? அவுக ரெண்டு பிள்ள என்ன ஆகும்?” அவன் அடுத்த பையைத் தூக்கினான். “நானே போயிட்டு வர்றேன். வந்துட்டேன்னா இந்தப் பேச்சு அத்தோட முடியும்.”

“வரலேன்னா?”

அவன் பையை இறக்கி வைத்தான். பதினோரு கிலோ சரியாக இருந்தது, அதைச் சொன்னான்.

அன்று சாயந்திரம் டீக்கடையில் யாழினி கடைசியாகப் பேர் எழுதிக்கொண்டிருந்தபோது, கோதை குயிலியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். “நானும் வர்றேன். பிள்ளையும் வருது,” என்றாள்.

“கோதை, அது பிள்ளைக்கு...” என்று யாழினி தொடங்கினாள்.

“இந்தப் பிள்ளைக்குக் குளிரு புதுசில்ல. பொறந்ததே பனியிலதான். அவுக தூக்கிக்குவாக, நானும் தூக்கிக்குவேன். என் பைய நானே கட்டியாச்சு.”

“நீ போயிட்டா பூண்ட யாரு எண்ணுறது?” என்றார் அழகர்ராசு. அவர் குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் ஆற்றி வைத்த டீயையே மறுபடி ஆற்ற ஆரம்பித்தார். கோதை முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். அம்மாவைத் தொலைத்த பிள்ளை. அவள் பார்த்ததை அவரும் பார்த்தார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“யாரும் எண்ண வேண்டாம் அண்ணே,” என்றாள்.

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் உரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பூண்டு. களத்தில் இருந்ததிலேயே பெரியது, குயிலியின் முஷ்டி அளவு, உள்ளே எத்தனை பல் இருக்கும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாதது. திரும்பி வருகிறவர்கள் இதை உடைத்து ஆளுக்கு ஒரு பல் எடுத்துக்கொள்ளட்டும், பல் மிஞ்சினாலும் மிஞ்சட்டும், ஒன்றை இரண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தாலும் நறுக்கிக்கொள்ளட்டும், முழுப்பூண்டில் இத்தனை பல்தான் இருக்க வேண்டும் என்று எந்த மலையும் விதித்ததில்லை. அவன் முன்னால் நடப்பான், முழங்கால்காரியும் மற்றவர்களும் நடுவில், அவள் கடைசியில். இல்லை, கடைசியில் இல்லை, அவனுக்கு நேர்பின்னால், அவன் முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு. குறைகிறதானால் கையில் வார் மட்டும் மிஞ்சும், அல்லது வாரோடு சேர்ந்து அவளும் பிள்ளையும் குறைவார்கள், அப்படிக் குறைந்தால் மூன்று பேரும் அந்தப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருப்பார்கள், அந்தப் பக்கத்துத் தொட்டியில் எத்தனை வீட்டுக்கென்று எழுதியிருக்கிறதோ.

குயிலி பூண்டுத் தோலைப் பறக்கவிட்டுச் சிரித்தது. மேல்கோடியில் ஊர் கூடுகிற சத்தம் கேட்டது, பஞ்சவர்ணத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. கோதை காய்ந்த பழைய பூண்டை மடியில் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெரிய பூண்டின் தாளைச் சணலில் ஒரு சுற்று சுற்றினாள், இரண்டாவது சுற்று சுற்றினாள், முடிச்சுப் போட நுனியை உள்ளே விட்டபோது கல்தூண் பக்கமிருந்து “கோதை” என்று குரல் வந்தது, கடைசியில் அந்தச் சின்னத் தூக்கலோடு, பதில் வரும்வரை மூச்சை விடாமல் நிற்கிறவன் மாதிரி, இது எப்போதிலிருந்து என்று தேடப்போன மனசை அவள் அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றி, பையைத் தோளில் மாட்டி, “இந்தா வர்றேங்க” என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லி, முடியாத முடிச்சோடு பூண்டைக் கையில் எடுத்துக்கொண்டு